தலைகீழ் மயிலுக்கு வந்த விமர்சனங்கள்

அன்றைக்கு பாபுவின் பிரவுசிங் சென்டரில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். யாரையாவது விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

சென்டருக்குச் சொந்தக்காரர் பாபு. வந்தவாசியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த வலைப்பதிவர் ஜெயபால். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் வேதாசலம் ஐயா. நான் வேலை பார்த்த பட்டுக் கடையின் முதலாளி ராஜாராம். என் மனைவி மல்லிகா. நான். ஏழாவதாக, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வாசலுக்கு வெளியிலும் வைத்து, கையில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்த கன்னியப்பன் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கீபோர்டுகளை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் பக்கோடா பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார் பாபு. சூடேறிய கம்ப்யூட்டர் வாசனையும் வெங்காய வாசனையும் கலந்து அடித்தது. இதற்குப் பெயர் வாசகர் சந்திப்பு. புத்தகத்தின் பெயர் ‘குழிக்குள் ரெண்டு கால்’. எழுதியவன் நான்.

எல்லோரும் பக்கோடாவைப் பார்த்தார்கள். நான் மஞ்சள் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்னவோ தட்டையாக, நீளமாக இருந்தது. அரிவாள் அவ்வளவு தட்டையாக இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு, புது மாதிரி அரிவாள்கள் வந்திருக்கலாமே என்றும் தோன்றியது.

எட்டாவது படித்தவன்

நான் பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு நிறுத்தியவன். வறுமை, குடும்பச் சூழ்நிலை என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் மரியாதை வரும். உண்மை, கணக்கு வாத்தியார் மேல் இருந்த பயம். பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் வரும். நடிப்பில்லை, நிஜக் காய்ச்சல். மூன்றாவது காய்ச்சலுக்கு அப்புறம் அப்பாவே ‘வேணாம் வுடு’ என்று தறிக்கு அனுப்பிவிட்டார்.

இன்றைக்கும் வீட்டைப் பூட்டினால் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். தெரு முனை வரை போய், திரும்பி வந்து மூன்றாம் முறை இழுப்பேன். இப்படி இழுத்தே ஒரு பூட்டு கெட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் போனதும் புரியும்.

முதுகு வலி வந்து தறியிலிருந்து எழுந்த பிறகு ராஜாராம் முதலாளி கடையில் புடவை மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சென்னைக் கடைக்காரர்கள் அப்போதுதான் டிசைன்களை ஈமெயிலில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அதை பிரிண்ட் எடுத்து, தறிக்கு டிசைன் அட்டை அடிப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. பாபுவின் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். டிசைன் இறங்க அரை மணி ஆகும். மிச்ச அரை மணியை வீணாக்குவானேன் என்று பக்கத்து ஜன்னலைத் திறந்தால், உலகத்தில் இருக்கும் தமிழர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் சின்ன வயசைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நானும் எழுதினேன். ஒரு விரலால் தட்டி, ஒரு பதிவுக்கு நாலு நாள். எல்லாம் தறிக்கொட்டகைச் சிரிப்புகள்தான். தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு வாய் மட்டும்தான் சும்மா இருக்கும் என்பதால் எங்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை.

பின்னூட்டங்கள்

பதிவாக இருந்தவரை எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். ‘சிரிச்சு வயிறு வலிச்சுது’ என்று பின்னூட்டம் போடுவார்கள். யார் வயிறோ, எந்த நாட்டிலோ. சென்னையில் சின்ன அச்சகம் வைத்திருந்த பதிவர் நண்பர் ஒருவர், இதைப் புத்தகமாகப் போடலாம் என்றார். போட்டார். அறுபது ரூபாய் விலை. அங்கிருந்துதான் பேஜார் ஆரம்பித்தது.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர், கண்ணீர் விட்டு அழுததாக மெயில் அனுப்பினார். நகைச்சுவைப் புத்தகத்துக்கு எதற்கு அழுதார் என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். வெம்பாக்கத்திலிருந்து ஒரு போஸ்ட் கார்டு: ‘நாற்பது பக்கத்தில் முடித்திருக்கலாம்.’ கையெழுத்து அவ்வளவு அழகு. மறக்க முடியவில்லை.

பெயர் சொல்லாத அனானி ஒருவர் பின்னூட்டத்தில், ‘எட்டாவது படித்தவன் எழுதியது மாதிரி இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். இது திட்டா, தகவலா என்று எனக்கு விளங்கவில்லை. நன்றி என்று பதில் போட்டேன்.

படவேட்டிலிருந்து மாமியார் போன் செய்தார். புத்தகத்தைத் திறக்கவேயில்லை. அட்டையைப் பார்த்ததோடு சரி. குழிக்குள்ள காலு வுட்டுகினு கீறேன்னு யாராச்சும் தலைப்பு வெப்பாங்களா, பொண்ணக் குடுத்த எடத்துல இந்தப் பேச்சா என்று மல்லிகாவிடம் அரை மணி நேரம் அழுதார். தறிக்குழி என்று விளக்கினேன். அந்தக் குழியானாலும் குழி குழிதான் என்று வைத்துவிட்டார்.

மல்லிகாவின் விமர்சனம் வேறு மாதிரி. நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் தன்னைப் பற்றி ஒரே ஒரு பக்கம் என்பதை எண்ணி எடுத்துவிட்டாள். அந்த ஒரு பக்கத்தையும் படித்த பிறகு, ஒரு பக்கமே அதிகம் என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் யார் படித்தாலும், பிடித்தது என்றாலும் பிடிக்கவில்லை என்றாலும், ஒரு கதையை மட்டும் மறக்காமல் சொன்னார்கள். தலைகீழ் மயில்.

மயில் கதை

பட்டுப் புடவையின் முந்தானையில் மயிலோ அன்னமோ வருவதற்கு, தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகளை வரிசையாக நூலில் கோர்த்து, மாலை மாதிரி தொங்கவிடுவோம். ஒவ்வொரு அட்டையும் ஒரு இழைக்கு வழி சொல்லும். ஒன்றிலிருந்து கடைசி வரை நம்பர் வரிசையில் போனால் மயில் நேராக நிற்கும். கடைசியிலிருந்து ஆரம்பித்தால் மயில் தலைகீழாகத் தொங்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கல்யாணப் புடவைக்கு அப்படித்தான் நடந்தது. தறியில் உட்கார்ந்து நெய்தவர் கன்னியப்பன் அண்ணன்.

நெய்யும்போதே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. நெய்கிறவன் கண்ணுக்குத் துணியின் பின்பக்கம்தான் மேலே இருக்கும். முன்பக்கத்தைப் பார்க்க முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்திருப்போம். அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அதை மனசுக்குள் நேராக்கிக்கொள்வது பழக்கம். அன்றைக்குக் கண்ணாடியில் மயில் நேராகவே நின்றது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். இன்னிக்கி கண்ணு பளிச்னு தெரியுது என்று சொல்லிக்கொண்டே முந்தானை முழுக்க நெய்து முடித்துவிட்டார்.

அப்போது எங்கள் கொட்டகைக்கு இருந்த பழைய முதலாளி, பெண் வீட்டார் முன்னால் முந்தானையை விரித்தார். பெண்ணுக்கு அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது மயிலா வவ்வாலா என்று கேட்டார்.

இதைத்தான் புத்தகத்தில் எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். கன்னியப்பன் அண்ணன் அவசரமாக அட்டை கோர்த்ததாகவும், கோர்க்கும்போது சினிமாப் பாட்டு பாடியதாகவும், கண்ணாடியைப் பார்த்து மயங்கியதாகவும். எங்கள் ஊர் ஆரணியே சிரித்தது. டீக்கடையில் அவரை ‘வவ்வாலு வந்துகினு கீது’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கண்ணாடி விஷயம் நிஜம். அட்டை விஷயம் நிஜமில்லை. அட்டை கோர்த்தவன் நான்.

முதலில் சரியாகத்தான் கோர்த்திருந்தேன். தறியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். பாதி வழியில் சந்தேகம் வந்தது. திரும்பி வந்து கழற்றிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அந்த ‘சரியாக இருக்கிறது’ என்பதிலேயே ஒரு சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி கோர்த்து, மாட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தே கெடுத்தவன் வேறென்ன செய்வான்?

பழைய முதலாளி சத்தம் போட்டபோது நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அண்ணன், கோத்தது நான்தான் என்று சொல்லிவிட்டார். பழுதுக்கென்று அவர் கூலியில் பிடித்தார்கள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: ‘உன்ன இட்டாந்து வேலைக்கு வெச்சது நானு. ஒரு வாரம் கூட ஆவல. உன் பேரு போனா என் பேருந்தானே போவும், வா டீ சாப்டலாம்.’

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நான்தான் எடுத்தேன். பத்து வருஷமாக, கொட்டகையில், டீக்கடையில், கல்யாண வீட்டில், ஊருக்குத் தெரிந்த மாதிரியே சொல்லிச் சொல்லி, எனக்கே பாதி அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது. பாட்டு பாடினார் என்பதெல்லாம் நாலாவது, ஐந்தாவது தடவை சொல்லும்போது சேர்ந்தது.

பெயர் போட்டால் உயிர் வரும்

பதிவில் அவர் பெயர் இல்லை. ‘மயில் அண்ணன்’ என்றுதான் இருந்தது. புத்தகமாக்கும்போது சென்னை நண்பர், எல்லாப் பெயரையும் நிஜமாகப் போடுங்கள், அப்போதுதான் எழுத்துக்கு உயிர் வரும் என்று போனில் சொன்னார். சரி என்றேன். பெயர்களை நிஜமாக்கினேன். நடந்ததை நிஜமாக்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதும்போதே கை கொஞ்சம் நிற்கிறது. சரி, அப்படியே இருக்கட்டும்.

புத்தகம் வந்த அன்றே அண்ணன் கடைக்கு வந்து ஒரு பிரதி கேட்டார். சும்மா கொடுக்கிறேன் என்றேன். ஓசியில வாங்குனா படிக்கத் தோணாது என்று ஆறு பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அவருடைய மகள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். எத்தனை பக்கம் ஆகியிருக்கும் என்று தினமும் கணக்குப் போட்டேன். மயில் கதை அறுபத்து மூன்றாம் பக்கம்.

அதே சமயத்தில் எங்கள் ராஜாராம் முதலாளி, ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கான முகூர்த்தப் புடவையை கன்னியப்பன் அண்ணனிடம் கொடுப்பதாக இருந்தார். தறியில் ஏற்ற வேண்டிய பாவுகூட தயார். முந்தானை முழுக்க ஜரிகை. அந்த மாதிரி ஒரு புடவை நெய்தால் அடுத்த சீசனுக்கும் வேலை தேடி அலைய வேண்டாம். முதலாளி புத்தகத்தைப் படித்தார். கல்லாவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவைப் பற்றிக் கேட்க வந்த அண்ணனிடம் ‘பாக்கலாம்’ என்றார்.

நான் புடவை மடித்துக்கொண்டே அதைக் கேட்டேன். ஒரு புடவையை இரண்டு தடவை மடித்தேன்.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே. ஆனால் முதலாளி டிசைனை எல்லாம் என் கையில்தான் கொடுத்து அனுப்புகிறார். அட்டையைத் தலைகீழாகக் கோர்த்தவன் இவன்தான் என்று தெரிந்தால் என் வேலை என்ன ஆகும் என்ற பயம். இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அதற்குள்தான் பாபு இந்த வாசகர் சந்திப்பை ஏற்பாடு செய்துவிட்டார்.

மஞ்சள் பை

வேதாசலம் ஐயா முதலில் பேசினார். புத்தகம் முழுக்கச் சிவப்பு மையில் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார். பிழைகளை எல்லாம் சொல்ல நேரமில்லை, சரியாக இருக்கும் வரிகளைச் சொன்னால் சீக்கிரம் முடியும் என்று ஆரம்பித்தார். ஜெயபாலுக்குப் பதிவில் இருந்த சுவை புத்தகத்தில் இல்லை. பின்னூட்டங்களையும் சேர்த்து அச்சடித்திருக்க வேண்டுமாம். அதில் பாதி அவர் போட்டது. முதலாளிக்கு எல்லாமே பிடித்திருந்தது. அதிலும் அந்த மயிலு, என்று சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

பாபு உடனே மயில் கதையை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். வவ்வால் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கணக்குப் பரீட்சைக் காய்ச்சல் வந்தது.

‘அண்ணே, உள்ள வாங்க. கதாநாயகரே நீங்கதான், நாலு வார்த்த சொல்லுங்க’ என்றார் பாபு.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ‘எனக்கு இன்னா தெரியும், நல்லாத்தான் எழுதிகிறான் சேகரு’ என்றார். பிறகு பையில் கையை விட்டார். ‘அடுத்த தபா அச்சடிச்சா இத படமா போடலாமேன்னு எடுத்தாந்தேன்.’

பக்கோடா பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பழைய அட்டைகள். ஏழெட்டு இருக்கும். ஓரம் மக்கி, நூல் கறுத்து, ஒன்றோடொன்று கோர்த்தபடியே.

ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் நீல மையில் நம்பர். அட்டை கோர்ப்பவன்தான் நம்பர் போடுவான். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. ஒன்று என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நான் போடும் கோடு. ஊரில் வேறு யாரும் போடுவதில்லை.

பாபுவுக்கு அது வெறும் அட்டை. ஜெயபாலுக்கும் ஐயாவுக்கும் அப்படித்தான். முதலாளி மட்டும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கடையில் புடவைச் சீட்டு எழுதுவதும் நான்தான். நான் போடும் ஏழாம் நம்பரை அவர் தினமும் பார்க்கிறார். அட்டையைக் கீழே வைக்காமல் இன்னொரு பக்கோடா எடுத்துக்கொண்டார்.

அண்ணன் கிளம்புவதற்காகச் செருப்பைத் தேடினார். அவர் அப்படியே போயிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் மல்லிகா பக்கத்தில் இருந்தாள். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ‘இன்னாங்க, உங்க ஏழு மாதிரி கீது?’ என்றாள்.

‘என்னுதுதான்’ என்றேன். ‘அட்ட கோத்தது நானு. அண்ணன் இல்ல. பாட்டும் பாடல அவரு.’

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். தூண், பழைய முதலாளி, பிடித்த கூலி, அந்த டீ வரைக்கும். வேதாசலம் ஐயா சிவப்புப் பேனாவை மூடி பையில் வைத்துவிட்டார்.

‘கண்ணாடியில ஏமாந்தது நான்தாம்பா’ என்றார் அண்ணன். ‘அது அவன் எழுதுனது சரி.’

பழுது

முதலாளி கொஞ்ச நேரம் அட்டையையே விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு, திங்கக்கெழம வா கன்னியப்பா, பாவு சும்மாதான் கீது என்றார். என்னைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு மாதம் டிசைன் வேறு ஆள் கையில் போனது. நான் மடித்துக்கொண்டே இருந்தேன். அந்த ஆள் ஒருநாள் பிரிண்டை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தான். அப்புறம் என்னிடமே திரும்பி வந்தது. ஆனால் அட்டையை மட்டும் நான் தொடக்கூடாது. அது இன்று வரைக்கும் கடைச் சட்டம்.

அன்றைக்கு எல்லோரும் கலைந்த பிறகு அண்ணன் சென்டர் வாசலில் எனக்காக நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. அவருக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது.

‘பொடவையில பழுது வந்தா கூலியில புடிக்கிறாங்க. பொஸ்தகத்துல பழுது வந்தா யார் கிட்ட புடிக்கிறது?’

சட்டைப் பையிலிருந்து ஆறு பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

‘இப்ப வாங்கிகினா தீந்துபூடும். நீ மாத்தி எழுதி, அச்சடிச்சு எடுத்துகினு வா. அப்ப வாங்கிக்கிறேன்.’

இரண்டாம் பதிப்பு வரவேயில்லை. முதல் பதிப்பிலேயே மூன்று கட்டு எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அறுபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து எட்டுப் பக்கத்தையும் ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் திருத்திக்கொண்டு வந்தேன். பதினோராவது பிரதியில் விரல் வீங்கியது.

அண்ணன் அந்த முகூர்த்தப் புடவையை நெய்து முடித்தார். மயில்தான் டிசைன். நேராக நின்றது. முடித்த அன்று என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். தலைகீழாகத் தெரிந்தது. இரண்டு பேரும் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீக்கடையில் ‘வவ்வாலு’ என்று கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. இப்போது இரண்டு பேரையும் கூப்பிடுகிறார்கள்.

வாரப் பத்திரிகையில் வரும் இந்தத் தொடரில் உண்மையை எழுதப்போகிறேன் என்று போன வாரம் அவரிடம் சொன்னேன். வாரப் பத்திரிகை பொஸ்தகம் ஆவுமா என்று கேட்டார். ஆகாது என்று நானே ஒப்புக்கொண்டேன். சரி, வரட்டும், படிச்சிட்டுச் சொல்றேன் என்றார். ஆகவே கணக்கு அப்படியேதான் நிற்கிறது. கன்னியப்பன் அண்ணனுக்கு நான் தர வேண்டியது அறுபது ரூபாய்.